இடது முன்சக்கரத்துக் குஞ்சம்

நாகஜோதிக்கு நான் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். எழுதிக் கொடுத்த சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது, அவளும் ஒரு நாள்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் கடன் கடன்தான். அந்தப் பணம் நான்கு மாதம் என்னிடம் நின்றதால், அவள் அம்மாவின் கழுத்துச் சங்கிலி நான்கு மாதம் கூடுதலாக அடகுக் கடையில் கிடந்தது.

என் பெயர் சின்னக்கருப்பன். கப்பலூர் தொழிற்பேட்டையில் இறங்கி, சின்னக்கருப்பன் பட்டறை எது என்று கேட்டால் டீக்கடைக்காரர் முதல் லோடுமேன் வரை கை காட்டுவார்கள். என்ஜினும் சேஸும் மட்டுமாக வருகிற வண்டிக்குத் தொட்டி கட்டி, கதவு வைத்து, பெயிண்ட் அடித்து ரோட்டுக்கு அனுப்புவது என் தொழில். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் அரைப் பரீட்சையோடு சரி. அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற வீட்டிலிருந்து வந்தவன், இன்றைக்கு ஆயிரத்து நானூறு வண்டிக்கு மேல் கட்டி முடித்திருக்கிறேன். தல்லாகுளத்தில் வக்கீல்களும் கோர்ட்டு ஊழியர்களும் இருக்கிற தெருவில் எனக்கு மாடி வீடு. வங்கிக் கடனைத் தவணைக்கு முன்னாலேயே கட்டி முடித்தபோது மேனேஜரே எழுந்து நின்று கை கொடுத்தார். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது இதுதான்.

எங்கள் பட்டறை உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, தெரிந்த சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் அவரவர் அப்பாவைப் பற்றி எழுதுவார்கள். நான் என் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். அவளும் வண்டி வேலைதான் பார்க்கிறாள். அப்படித்தான் அவள் சொல்கிறாள். எனக்கு அது இன்றைக்கு வரைக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபட்ட மட்டும் சொல்கிறேன்.

நாகஜோதிக்கு இருபத்தேழு வயது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கனகா ஒன்றரைக் காணியில் கடலையும் கத்தரியும் போட்டு ஒற்றை ஆளாக வளர்த்தார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் இருந்திருக்கிறாள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது இவளையும் அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஒரு ஆபீஸில் போய் உட்காரமாட்டேன், சொந்தமாகச் செய்வேன் என்று மதுரைக்கு வந்து என் மாடி அறையை வாடகைக்குக் கேட்டாள். கூட வந்தது ஒரு பாய், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் சின்னது இல்லை, இருவர் தூக்கி வந்தார்கள். கரண்ட் பில் எகிறும் என்று என் சம்சாரம் மலையம்மாள் முகம் சுளித்தாள்.

வந்த முதல் வாரம் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்.

"என்னாத்தா வேல பாக்குற?"

"வண்டிக்கு எலும்பு போடுறேன்யா."

"எதுக்கு?"

"வண்டிக்குங்கய்யா."

நாற்பத்தைந்து வருஷமாக வண்டிக்கு மேலும் கீழும் கிடந்தவன் நான். ஆக்சில் தெரியும், அடியில் பாரம் தாங்கி வளைகிற கமான்பட்டை தெரியும், பேரிங் சத்தத்தை வைத்தே வண்டி எந்த ஊர் ரோட்டில் ஓடுகிறது என்று சொல்லுவேன். எலும்பு மட்டும் நான் பார்த்ததில்லை.

"முறிஞ்சா மாவுக்கட்டும் நீதான் போடுவியா?" என்றேன்.

"போட்டுத்தான்யா ஆகணும். வேற யாரு வரப்போறா?" சிரிக்காமல் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் அந்தப் பேச்சு மண்டைக்குள் சுற்றியது. மூன்றாம் நாள் நானே மாடிக்குப் போய்க் காட்டச் சொன்னேன். திரையில் ஒரு லாரி. விளையாடுகிறவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளே ஓட்டுகிற லாரியாம். பார்க்க அச்சு அசலாக இருந்தது, ஆனால் மண் பொம்மை மாதிரி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தது. சக்கரம் சுற்றாது, கதவு திறக்காது. அசைய வேண்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ளே ஒரு எலும்பு வைக்க வேண்டுமாம். எலும்பைத் திருப்பினால் அதோடு ஒட்டின பாகம் திரும்பும். மொத்த வண்டிக்கும் நடுவில் தாய் எலும்பு ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று.

"மொத்தம் எம்புட்டு?"

"இதுக்கு முப்பத்திரெண்டுய்யா."

"நம்ம பல்லுக் கணக்கு."

"பல்லு ஒன்னு ஆடுனாலும் சோறு திம்போம்யா. இதுல சக்கரத்து எலும்பு மட்டும் சக்கரத்தோட நடு மத்தியில இருக்கணும். இம்மி வெலகுனாலும் வண்டி நொண்டும்."

நான் தலையை ஆட்டினேன். இல்லாத லாரிக்கு, கண்ணுக்குத் தெரியாத எலும்பை, இம்மி பிசகாமல் வைத்து, ஊர் பேர் தெரியாத எவனோ ஓட்டுவதற்கு இவளுக்குச் சம்பளம். இரும்பு இல்லை, டீசல் இல்லை. கீழே இறங்கி மலையம்மாளிடம் சொன்னபோது, "வாடகை குடுத்துருவாளா?" என்று மட்டும் கேட்டாள். வாடகை ஒவ்வொரு மூன்றாம் தேதியும் காலை ஒன்பது மணிக்குள் வந்தது. அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

போன ஆடி மாதம் அவளுக்குப் பெரிய இடத்திலிருந்து ஒரு வேலை வந்தது. நம் ஊர் ரோடுகளில் ஓடுகிற வண்டிகளை வைத்து ஒரு விளையாட்டுச் செய்கிறார்களாம். சோதனைக்கு முதலில் ஒரு சின்ன லோடு வண்டி. உருவமும் இவளே, எலும்பும் இவளே. அறுபதாயிரம் ரூபாய். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் மூவாயிரத்து ஐந்நூறு பிடித்தம். சனிக்கிழமை சாயங்காலம் தாண்டினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். தேறிவிட்டால் அடுத்தடுத்து வண்டிகள் வரும்.

அந்த அறுபதாயிரம் எதற்கு என்பதும் எனக்குத் தெரியும், மலையம்மாளிடம் சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டர் வாங்குவதற்காகக் கனகா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்திருந்தார். அசலும் வட்டியுமாகச் சேர்ந்து அறுபதாயிரம் நின்றது. பணம் வந்ததும் நேராக அடகுக் கடை, அங்கிருந்து நேராகக் கொட்டாம்பட்டி பஸ். அதுதான் அவள் கணக்கு.

"அய்யா, உங்க பட்டறையில ஒரு வண்டிய அளந்துக்கிறட்டுமா?" என்று கேட்டாள்.

ஆடியில் யாரும் புது வண்டி எடுக்கமாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும் என்று நத்தத்துக்காரர் ஒருவர் விட்டுவைத்த லோடு வண்டி ஒன்று வேலை முடிந்து ஷெட்டில் நின்றது. வா என்றேன். டேப்பும் நோட்டுமாக வந்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, முழங்கால் தேய வண்டிக்கடியில் போய்ப் படுத்துவிட்டாள். என் தங்கச்சி மகன் அழகுராஜாதான் எங்கள் வெல்டர். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா, பொம்மை வண்டிக்குத்தானே? கண்ணளவு போதாதா? இம்புட்டு அளந்து என்னத்துக்கு?"

வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது. "நீங்க கண்ணளவுலதான் வெல்டு வப்பீங்களாண்ணே?"

"பின்ன? கண்ணளவுதான். கையி அம்புட்டுச் சுத்தம்."

"அதான் பின்கதவு மூட மாட்டேங்குதா?"

பட்டறையே சிரித்தது. "மாமா, இதெல்லாம் வாடகைக்கு வச்சிருக்கீங்க பாருங்க" என்று அழகுராஜா என்னிடம் முறையிட்டான். போய்ப் பார்த்தேன். கதவு ஒரு நூல் தூக்கித்தான் இருந்தது.

அளந்து முடித்து அவள் கிளம்பும்போதுதான் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். எங்கள் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. 1991இல் நான் கட்டிய முதல் வண்டியின் இடது முன்சக்கரத்து ஹப்பில், கண் படாமல் இருக்க, கறுப்புக் கயிறு முடிந்து ஒரு சாண் குஞ்சம் தொங்கவிட்டேன். அந்த வண்டி பதினாறு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது. அதிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் டெலிவரி அன்று என் கையாலேயே கட்டுவேன். திருச்சி ரோட்டில் இடது முன்சக்கரத்தில் குஞ்சம் சுற்ற ஒரு வண்டி போனால், அது என் வண்டி. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"எல்லாம் எடுத்துட்டியாத்தா?"

"எடுத்தாச்சுய்யா."

"குஞ்சம்?"

"அத முன்பம்பர்ல தொங்கவிட்டுர்றேன்யா. எல்லா வண்டியிலயும் அங்கதான தொங்குது."

"எல்லா வண்டியும் என் வண்டியா?"

"சக்கரத்துல வச்சா நூலு நூலாச் செய்யணும்யா. சுத்தும்போது என்ன எடஞ்சல் வருமோ தெரியல. நாளும் கம்மியா இருக்கு."

"ஆயிரத்து நானூறு வண்டியில வராத எடஞ்சலு உன் ஒத்த வண்டியில வந்துருமா? குஞ்சம் இல்லன்னா அது என் வண்டி இல்ல. எடுத்த போட்டோவ அழிச்சிட்டுப் போ."

அவள் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். வேறு வண்டி தேடி அளக்க நாள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரிங்கய்யா, சக்கரத்துலயே வக்கிறேன்" என்றாள். நான் ஆடி மாதம் என்றும் பாராமல், அவள் பார்த்துச் செய்வதற்காக அந்த வண்டிக்கு ஒரு குஞ்சம் முடிந்து காட்டினேன். என் குஞ்சம் கம்ப்யூட்டருக்குள்ளே போகப்போகிறது என்று அன்று டீக்கடையில் எல்லாருக்கும் என் செலவில் டீ.

திங்கட்கிழமை வேலையை அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி வந்துவிட்டது.

இடது முன்சக்கரம் துள்ளுகிறதாம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கிறதாம். வேகம் பிடித்தால் கவிழ்கிறதாம். நான் மாடிக்குப் போனபோது நாகஜோதி தலைமுடியைக் கொண்டைபோட்டு ஒரு பென்சிலைச் செருகி உட்கார்ந்திருந்தாள். "ஓட்டிப் பாக்குறீங்களாய்யா?" என்று ஒரு கைப்பிடியைக் கொடுத்தாள். அதில் இருந்த பொத்தானை அமுக்கினேன். திரையில் அந்த லோடு வண்டி, பின்னால் கொட்டை எழுத்தில் என் பட்டறைப் பெயரோடு, நொண்டி ஆடு மாதிரி விந்தி விந்திப் போனது. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். ஒரு வளைவில் நாலு சக்கரமும் மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது.

முப்பத்து மூன்று வருஷத்தில் என் வண்டி எதுவும் என் கண் முன்னால் கவிழ்ந்ததில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று கதவுப் பக்கம் திரும்பினேன். அப்புறம்தான் இது வண்டியே இல்லை என்று நினைவு வந்தது. வண்டியே இல்லையென்றால் எதற்கு எனக்கு வேர்க்கிறது என்றும் புரியவில்லை.

"கமான்பட்டைதான்" என்றேன். "எடது பக்கம் பட்ட தளந்திருக்கு. எனக்குத் தெரியாதா? மொத்தமா மாத்து."

"கமான் நாலும் ஒரே மாதிரிதான்யா போட்டிருக்கேன்."

"நான் சொல்றேன்ல? மாத்துத்தா."

என் சொல்லைத் தட்டாமல் புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து கமான் வேலை எல்லாவற்றையும் பிரித்துப் புதுசாகப் போட்டாள். வண்டி அதே மாதிரி துள்ளியது. வியாழக்கிழமை பாரக் கணக்கைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை எலும்பு ஒவ்வொன்றுக்கும் வைத்த பெயரைக்கூட எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்று சங்கிலி அவளைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. மலையம்மாள் கொடுத்தனுப்பிய சாப்பாடு தூக்குவாளியில் அப்படியே திரும்பியது.

எனக்கு மனம் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை கப்பலூரில் நத்தத்துக்காரர் வண்டியை எடுத்து, குஞ்சத்தோடு, ரிங் ரோட்டில் எண்பதில் விட்டுப் பார்த்தேன். கோடு போட்டது மாதிரி நேராக ஓடியது. திரும்பி வந்து மூச்சு வாங்க மாடி ஏறினேன்.

"ஓடுதேத்தா! துள்ளலயே!"

"அது ஓடும்யா. இதுதான் ஓட மாட்டேங்குது."

"ரெண்டும் ஒரே வண்டிதான?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. திரைப் பக்கம் திரும்பி மறுபடி பெயர்களைச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமை காலை நான் இட்லிக்கு உட்கார்ந்திருக்கிறேன். மேலேயிருந்து, "அம்மா! அம்மா, இங்க வாங்களேன்!" என்று நாகஜோதி மலையம்மாளைக் கூப்பிடுகிற சத்தம். நானும் மலையம்மாளும் கையைக்கூடக் கழுவாமல் ஓடினோம். திரையில் இடது முன்சக்கரம் மட்டும் பெரிசாக நின்றது. குஞ்சத்தைக் காணோம்.

"குஞ்சத்தக் கழட்டி வச்சுட்டுப் பாத்தேன்யா. இந்தா பாருங்க."

ஹப்பின் நடு ஓட்டை தெரிந்தது. எலும்பின் முனை என்று அவள் காட்டிய சிவப்புப் புள்ளி அந்த ஓட்டைக்குள் இல்லை. ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது.

"மத்த மூணு சக்கரத்துலயும் சரியா இருக்கு. இதுல மட்டும் எறங்கிருச்சு. அஞ்சு நாளா குஞ்சம் மறச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"யாரு எறக்குனது?"

"நடு எங்கன்னு கம்ப்யூட்டர்ட்ட கேட்டேன்யா. அது உருவத்தக் கட்டியிருக்கிற எல்லாப் புள்ளியையும் எண்ணிப் பாத்து நடுவச் சொல்லும். சக்கரத்துல ரெண்டாயிரம் புள்ளி இருக்கு. குஞ்சத்துல நூலு நூலாப் போட்டதுல மூவாயிரம் புள்ளி. குஞ்சத்தையும் சக்கரம்னு சேத்து எண்ணிருச்சு. குஞ்சம் கீழ தொங்குது, நடுவும் கீழ போயிருச்சு. நான் பாக்காம அங்கயே எலும்ப வச்சுட்டேன்."

"நூலுக்கு என்னாத்தா எட இருக்கு, சக்கரத்து நடுவ இழுக்கிறதுக்கு?"

"எட இல்லய்யா. புள்ளிக் கணக்கு."

"ஆக்சில் போற ஓட்டதான நடு? பச்சப்புள்ளைக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும்யா. அதுக்குத் தெரியாதுல்ல." சொல்லிவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னாள்: "தப்பு என்மேலதான்யா. நான் பாத்திருக்கணும்."

அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எலும்பை ஓட்டைக்குள் தூக்கி வைத்தாள். குஞ்சத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம், எறியவில்லை. அதற்கென்று தனியாக ஒரு எலும்பு போட்டு, சக்கரத்தோடு கோத்துவிட்டாள். மத்தியானம் ஒரு மணிக்கு வண்டி போனது. மூன்று மணிக்குச் சரி என்று பதில் வந்தது. பிறகு என்னையும் ஓட்டச் சொன்னாள். வளைவில் வண்டி சாயாமல் திரும்பியது, குஞ்சம் சுழன்று சுழன்று ஆடியது. நிஜக் குஞ்சம்கூட அவ்வளவு அழகாக ஆடாது.

ஐந்து நாள் பிடித்தம் போக நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு வந்தது. அப்படியே கொண்டுபோய் அடகுக் கடையில் கட்டினாள். மிச்சம் பதினேழாயிரத்து ஐந்நூறு. முழுப் பணமும் வராமல் நகையைத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அடுத்த வண்டிகள் வந்தன, ஆனால் மெதுவாகத்தான் வந்தன. வந்த பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டினாள். இதெல்லாம் மலையம்மாள் என் காதுபடச் சொன்னது. நாகஜோதி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. படிக்கட்டில் பார்த்தால், "வாரேன்யா, போயிட்டு வாரேன்யா" அவ்வளவுதான்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் விளங்காத கணக்குக்குப் பணம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. விளங்க வைக்க நானும் பாடுபட்டேன். ஒரு நாள் பட்டறையில் ஒரு குஞ்சத்தை அவிழ்த்துப்போட்டு, அழகுராஜாவும் நானும் இழை எண்ணினோம். இருநூற்றுப் பதினாலு இழை.

"மூவாயிரம்னுல்ல சொன்னா?" என்றேன்.

"அது புள்ளி மாமா. இது எழ."

"ஒரு எழைக்கு எத்தன புள்ளி?"

"அவளத்தான் கேக்கணும். எனக்குக் கண்ணளவுதான் தெரியும்."

எண்ணி என்ன கண்டேன் என்று கேட்காதீர்கள். எண்ணுவதற்கு முன்னாலாவது ஒரு குழப்பம்தான் இருந்தது.

கார்த்திகையில் கனகா மகளைப் பார்க்க வந்தார். ஒரு பை நிறையக் கடலையும் கத்தரிக்காயுமாகக் கீழ் வீட்டுக்கும் வந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தோம். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க மட்டும் வண்டியக் காட்டலன்னா எம்புள்ளைக்கு இந்த வேல கெடச்சிருக்காதாம்யா. போன்ல பேசும்போதெல்லாம் சொல்லுவா. வேற யாரு இப்பிடி ஒத்தாச பண்ணுவா?"

பேசும்போது அவர் கை, சங்கிலியை நெருடுகிற பழக்கத்தில், கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை சும்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக் கீழே வந்தது. அதை நான் பார்த்தேன். மலையம்மாளும் பார்த்தாள். நான் பார்த்ததையும் அவள் பார்த்தாள்.

கனகா மாடிக்குப் போனதும் மலையம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்தக் குவாரிக்காரர் கத ஒன்னு சொல்லுவீகளே?"

அந்தக் கதை எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். 1994இல் ஒரு குவாரிக்காரர், டிப்பர் பலகையை அரை அடி கூட்டச் சொன்னார். வேண்டாம், ஆர்.டி.ஓ. ஆபீஸில் பாஸாகாது என்றேன். கூட்டினால்தான் வேலை உனக்கு என்றார். கூட்டினேன். பாஸாகவில்லை. அறுத்து மறுபடி வைத்துக் கட்டியதில் ஆயிரத்து நூறு ரூபாய் கைநஷ்டம். கேட்டதற்கு, "வேலை உன்னுது, தப்பும் உன்னுது" என்றுவிட்டார். அந்த ஆளுக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான் அந்தக் கதையில் நான் அழுத்திச் சொல்லுகிற இடம்.

"அதுக்கென்ன இப்ப?" என்றேன்.

"அந்த ஆயிரத்து நூற இன்னும் நீங்க விடல. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதச் சொல்லாம எல எடுக்கிறதில்ல."

"அது வேற, இது வேற."

"எது வேற?"

"அது இரும்பு. எனக்கு வெளங்குச்சு. இந்தப் புள்ளிக் கணக்கு எனக்கு வெளங்கல."

"குவாரிக்காரருக்கும்தான் வெளங்கல. வெளங்கலன்னுதான உங்களுக்குக் குடுக்கல?"

டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். யார் குவாரிக்காரர், யார் சின்னக்கருப்பன் என்று எனக்கே கொஞ்ச நேரம் தடுமாற்றமாகிவிட்டது. பீரோவைத் திறந்தேன்.

மாடியில் கனகா மொட்டை மாடிப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாகஜோதி திரைக்கு முன்னால் இருந்தாள். ஒரு டிராக்டர், பின்னால் டிரெய்லர், உள்ளே எலும்பு எலும்பாகத் தெரிந்தது.

"இன்னொருக்காச் சொல்லுத்தா, அந்தப் புள்ளிக் கணக்க."

பொறுமையாக, ஆதியிலிருந்து சொன்னாள். இரண்டாயிரம், மூவாயிரம், நடு, ஓட்டை. முழுசும் கேட்டேன்.

"வெளங்குச்சாய்யா?"

"இல்ல. கைய நீட்டு."

"எதுக்குய்யா?"

"குஞ்சத்துக்கு. பதினேழாயிரத்து ஐந்நூறு."

அவள் நாற்காலியைத் தள்ளி எழுந்துவிட்டாள். "தப்பு என்மேலன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்ன. எனக்கும் வசதியா இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன். பம்பர்ல வக்கிறேன்னு நீதான சொன்ன? வேணாம்னது நான்தான? கமான மாத்துன்னு ஒரு நாளக் கெடுத்ததும் நான்தான்."

"அப்ப வாடகையில கழிச்சுக்கங்கய்யா."

"வாடக மூணாந்தேதிக் கணக்கு. இது வேற."

"போன்லயாவது போட்டுவிடுங்களேன். இம்புட்டையும் கையில எதுக்கு?"

"போன்ல போட்டா நான் எண்ணுனது யாருக்குத் தெரியும்? கைய விரி."

துணிக் கொடியிலிருந்து கனகா திரும்பிப் பார்த்தார். நாகஜோதி அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள், அப்புறம் வலது கையை விரித்து நீட்டினாள். நான் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நெல் அளக்கிற மாதிரி, ஒன்றுக்கு 'லாபம்' என்று சொல்லித் தொடங்கி, வாய்விட்டு எண்ணி வைத்தேன். லாபம், ரெண்டு, மூணு. பத்துக்கு மேல் அவளும் உதட்டுக்குள் சேர்ந்து எண்ணினாள். முப்பத்தஞ்சு.

"இது அசலு. கைய மூடிறாத. நீ கட்டுன வட்டி எம்புட்டு?"

"அதெல்லாம் வேணாம்யா."

"எம்புட்டு?"

"ஆயிரத்து நானூறு."

இன்னும் மூன்று தாள் எடுத்தேன். முப்பத்தாறு, முப்பத்தேழு.

"நூறு ரூவா கூடப் போகுதுய்யா" என்றாள். மெக்கானிக்கல் படித்த பிள்ளை, கணக்கை விடமாட்டாள்.

"குஞ்சத்துக்குத் தனியா ஒரு எலும்பு போட்டியே, அதுக்குக் கூலி" என்று சொல்லி, முப்பத்தெட்டாவது தாளையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.